வம்சத்து நிறம்

பாலம்மாவுக்கு ஆறு வருசமாக ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் மாமியார் ரத்தினம்மா நாலு பேர் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். வீடு வேண்டும், நகை வேண்டும், புருசன் திரும்பி வர வேண்டும் என்றெல்லாம் அவள் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை. கண்டியில் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் போனாலும் இந்த ஒன்றைத்தான் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்திருக்கும்.

அவள் பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில். அப்பா கணபதி தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று காது மந்தமானவர். தீபாவளி நெருங்கினால் கம்பளையிலிருந்து வியாபாரிகள் துணி மூட்டையோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவார்கள். அப்படி வந்தவன்தான் தனபாலன். இரண்டு தீபாவளிக்குச் சேலை விற்றான். மூன்றாவதற்குக் காத்திருக்கவில்லை. 1988ல் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கம்பளை வீட்டில் ரத்தினம்மா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வம்சத்துல இப்புடி ஒரு கருப்பு வந்ததில்ல. சரி, வந்தாச்சு. அடுப்படிப் புகையில நின்னா தெரியாது."

ரத்தினம்மாவின் தாய்வீட்டு ஆட்களெல்லாம் வெளுப்பு. அவளும், அவள் தம்பி அழகமுத்துவும், தம்பி மகள் பரிமளமும் ஊறவைத்த பச்சரிசி மாதிரி இருப்பார்கள். கல்யாண வீட்டில் அந்த நிறத்தைக் காட்டியே மூன்று தலைமுறைக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். அந்த நிறத்தோடு மூச்சுவாங்கலும் சேர்ந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தினம்மாவுக்கு இருபது வருசமாக இரத்தம் குறைவு. காலையில் இரும்புச் சத்து டொனிக் ஒரு கரண்டி, மத்தியானம் பீட்றூட், ராத்திரி முருங்கைக்கீரை. ஒன்றும் ஏறவில்லை. "நல்ல வம்சத்து ஒடம்பு, அலுங்கக் கூடாது" என்று அதற்கும் அவளிடம் ஒரு பெருமை இருந்தது. டொனிக்கை அளந்து கொடுத்தது பாலம்மாதான்.

1990ல் சுந்தரி பிறந்தாள். ரத்தினம்மா குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைக் குழந்தை பின்னால் என்ன நிறத்துக்கு வரும் என்று காது சொல்லுமாம். காது கருப்பாக இருந்தது. குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

ஏழாம் மாதத்தில் குழந்தை வெளுக்கத் தொடங்கியது. உள்ளங்கை வெளுத்தது, உதடு வெளுத்தது, முகம் மெழுகு மாதிரி ஆனது. ரத்தினம்மா அப்போதுதான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். "பாத்தீங்களா, எங்க நிறம் ஏறுது" என்று அக்கம்பக்கத்தில் காட்டினாள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டபோது, "சும்மா இரு, வெள்ளைத் தோலுக்கு வெயில் ஆகாது" என்றாள். வயிறு வீங்கியபோது, கொழுத்த பிள்ளை என்றாள். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் குழந்தை அழுவதற்கும் சத்தில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. பாலம்மா யாரையும் கேட்காமல் பஸ் ஏறிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நோய்க்குப் பெயர் தலசீமியா. மூன்று கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க. தாய் தகப்பன் இருவரையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். பாலம்மா அன்றே கையை நீட்டினாள். தனபாலனை ரத்தினம்மா விடவில்லை.

"நீ போய் ஊசி குத்துனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

பாலம்மாவின் சோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்தது. இந்த நோயின் கூறு அவளிடம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அவள் ஒருத்திதான் சோதனைக்குப் போனவள், அதனால் அவள் ஒருத்திதான் குற்றவாளி. அந்தத் தாளை ரத்தினம்மா தனபாலனின் துணிக்கடைக்கு எடுத்துப்போய், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசிக்கச் சொல்லிக் காட்டினாள். தோட்டத்து இரத்தம், லயத்து இரத்தம் என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு பக்கத்திலும் இருந்தால்தான் பிள்ளைக்கு வருமாம் என்று பாலம்மா டொக்டர் சொன்னதைச் சொன்னாள். ரத்தினம்மா கொஞ்சமும் தயங்கவில்லை.

"அப்ப அந்த மத்தப் பக்கம் யாருன்னு நீதான் சொல்லணும். எங்க பக்கம் கெடையாது."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். தனபாலன் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தான். மடித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தான். பாலம்மா அன்று சாயந்திரம் குழந்தையோடு வெளியேறினாள்.

கண்டி மகையாவையில் ஒரு அறை பிடித்தாள். வீடுகளில் நோயாளி பார்க்கும் வேலைக்கு மூன்று மாதம் பயிற்சி எடுத்தாள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவது, படுக்கைப்புண் வராமல் முதுகு துடைப்பது, மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது எல்லாம் கைக்கு வந்தது. அழுகிற வேலை அதில் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று கிழமைக்கொரு செவ்வாய்க்கிழமை கிளினிக். அலவத்துகொடையிலிருந்து வரும் றம்லத் அங்கே பழக்கமானாள். அவள் மகன் ஹபீலுக்கு வேறு நோய். சிவப்பணுக்கள் உருண்டையாகப் பிறந்து மண்ணீரலில் சிக்கி உடைந்து போகும், கண் மஞ்சளாகும். ஹபீலின் வாப்பாவுக்கும் அதே மஞ்சள் கண், மண்ணீரலை வெட்டி எடுத்த தழும்பு வேறு.

ஒருநாள் றம்லத் டொக்டர் இராமகிருஷ்ணனை மறித்துக் கேட்டாள்.

"ஏன் டொக்டர், எங்கட ஊட்டுல வாப்பாக்கும் ஈக்கிது, மவனுக்கும் ஈக்கிது. இவட ஊட்டுல தாய்க்கும் ஒண்டுமில்ல, தகப்பனுக்கும் ஒண்டுமில்ல, புள்ளைக்கு மட்டும் வந்தீக்கி. இது என்ன கணக்கு?"

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவசரப்படாமல் பேசுவார்.

"ஒவ்வொருத்தருக்குள்ளையும் ரெண்டு அடுப்பு எண்டு வையுங்கோ. ஒண்டு தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. பாலம்மாவிலை ஒரு அடுப்பு எரியாது. மற்றது எரியுது. சமையல் நடக்குது, ஆருக்கும் தெரியாது. தகப்பனிலையும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் எரியாத அடுப்பையே பிள்ளைக்குக் குடுத்தால் அந்த வீட்டிலை சோறில்லை."

"அப்ப எங்கட?"

"உங்கட ஆளிலை ஒரு அடுப்பு புகையுது. மற்றது எவ்வளவு நல்லா எரிஞ்சாலும் வீடு முழுக்கப் புகைதான். ஒரு பக்கத்தாலை வந்தாலே காணும். புத்தகத்திலை இதை ஆட்சி எண்டும், பாலம்மாவின்ரை மாதிரியைப் பின்னிடைவு எண்டும் எழுதியிருப்பினம்."

"எங்கட ஊட்டுல புகை, ஒளிக்க ஏலாது" என்று றம்லத் சிரித்தாள். "மத்தப் புள்ளைகளுக்கும் வருமா?"

"உங்களுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. பாலம்மாவுக்கு நாலிலை ஒண்டு."

"நாலுல ஒண்டெண்டா, ஒண்டு பொறந்தாச்சு, மத்த மூணும் தப்பிச்சுதானே?"

"இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதுசாக் குலுக்கிறது. போனமுறை விழுந்தது இந்தமுறைக் கணக்கில்லை."

பாலம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "டொக்டர், ஒரு ஆள் இருவது வருசமா இரும்பு டொனிக் குடிச்சும் ரத்தம் ஏறலன்னா?"

"அப்பிடியான ஆக்களைச் சோதிக்கத்தான் வேணும். இந்த நோயைக் காவிற, அதாவது உள்ளுக்குள்ளை சுமக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் இரத்தக்குறைவு இருக்கலாம். இரும்பு குறையாத ஆளுக்கு இரும்பு குடுத்து என்ன பிரயோசனம்? ஆனா முகத்தைப் பார்த்துச் சொல்லேலாது. ஆரைக் கேக்கிறீங்கள்?"

"சும்மாதான்" என்றாள் பாலம்மா.

அன்று பஸ்ஸில் அவள் மனக்கணக்குப் போட்டபடி வந்தாள். தனபாலனின் எரியாத அடுப்பு தாயிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அது மட்டும் உறுதியானால் போதும். இத்தனை காலமாக ரத்தினம்மா பவுடர் போட்டு மினுக்கிக் காட்டிய வம்சத்து வெளுப்பும், சுந்தரியின் உதட்டிலிருந்த வெளுப்பும் ஒரே இடத்துச் சரக்கு. ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. ரத்தினம்மாவின் கையில் ஊசி ஏறினால்தான் சாட்சி. அவள் காத்திருந்தாள்.

1997ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனபாலனும் அழகமுத்துவும் மகையாவைக்கு வந்தார்கள். ஏழு வயதுச் சுந்தரி பாயில் இருந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வயதுக்குச் சிறிய உடம்பு, துருத்திய கன்ன எலும்பு. தனபாலன் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். அழகமுத்துதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். வக்கீல் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார். விவாகரத்து வழக்கை எதிர்க்க மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"பரிமளத்த தனபாலனுக்குக் குடுக்கிறதா முடிவு. முறைப்பொண்ணு. பத்துப் பொருத்தத்துல ஒம்பது இருக்கு. அக்காவுக்கு இனி வெளி ரத்தமே வேணாமாம், பட்டது போதுமாம். எங்க ரத்தத்துக்குள்ளயே இருந்துட்டா ஒரு தொல்லையும் இல்ல."

பாலம்மா தாளை வாங்கினாள். அதை வாசிக்காமல் மனக்கணக்கைத் தொடர்ந்தாள். ரத்தினம்மாவிடம் இருப்பது அவள் தம்பியிடமும் இருக்கலாம், தம்பியிடம் இருந்தால் மகளிடமும் இருக்கலாம். எரியாத அடுப்பை எரியாத அடுப்போடு சேர்க்க இவர்களே நாள் குறிக்கிறார்கள்.

"அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை றம்லத்திடம் சொன்னபோது அவள் தொடையில் தட்டினாள்.

"வாயப் பொத்திக்கிட்டு கையெழுத்தப் போடுங்க புள்ள. அல்லாஹ் பாத்துக்குவான். அடுத்த பேத்தியையும் வெள்ளையெண்டு தூக்கிக்கிட்டுத் தெருவுக்குப் போகட்டும் அந்தப் பொம்பள."

அதுதான் பாலம்மாவுக்கும் முதலில் இனித்தது. இரண்டு நாள் அந்த இனிப்பை நாக்கில் வைத்திருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம். பேனாவைப் பிடித்தால் போதும். மற்றதை இரத்தமே பார்த்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை, தான் பராமரிக்கும் கிழவியைப் புரட்டிப்போட்டு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த இனிப்பு கசந்தது. தர்மம் நியாயம் எதுவும் அவளுக்கு அப்போது நினைவில் வரவில்லை. ரத்தினம்மாவின் குணம்தான் நினைவுக்கு வந்தது. பரிமளத்துக்கு நோய்ப்பிள்ளை பிறந்தால் ரத்தினம்மா என்ன செய்வாள்? பரிமளத்தின் தாயுடைய ஊர்ப்பக்கம் விரல் நீட்டுவாள். அதற்கும் ஒரு கதை கட்டுவாள். அது தன் இரத்தம் என்று சாகிறவரைக்கும் அவளுக்குத் தெரியவராது. ஊசி ஏறுவது இன்னொரு குழந்தையின் புறங்கையில். சுந்தரிக்கு நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திப் பார்க்கிற மாதிரி. அடி விழுவது அங்கே, ரத்தினம்மா மேலே இல்லை. அடிபட்டவளுக்கே தெரியாத அடி என்ன பழிவாங்கல்? ஆறு வருசம் காத்திருந்தது இதற்கா?

ஞாயிற்றுக்கிழமை தனபாலன் மட்டும் வந்தான்.

"கையெழுத்துப் போடுறேன்" என்றாள் பாலம்மா. "அதுக்கு முன்ன நீங்க, ஒங்கம்மா, பரிமளம் மூணு பேரும் கிளினிக்குக்கு வந்து ரத்தம் குடுக்கணும். முடிவு வாற அன்னைக்கு எல்லாரும் வரணும். நானும் இருப்பேன். அப்பவே போட்டுத் தாரேன்."

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"மத்தப் பக்கம் யாருன்னு ஒங்கம்மா கேட்டாங்கல்ல. பதில் சொல்லாம எப்புடி விட்டுட்டுப் போறது?"

ரத்தினம்மா மறுப்பாள் என்று தனபாலன் நினைத்தான். பாலம்மா அப்படி நினைக்கவில்லை, மாமியாரை நன்றாகத் தெரியும். தை மாதத்துக்குள் தாலி ஏற வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். தன் இரத்தத்தின் மேல் இருந்த கர்வம் மறுபக்கம். சுந்தரியின் அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை ரத்தினம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தாதி சட்டைக் கையை மடிக்கச் சொன்னபோது கையைச் சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள்.

"குத்து மகளே. எங்க ரத்தம் எப்புடின்னு நாலு பேர் பாக்கட்டும். லயத்துல இருந்து வந்ததில்ல இது."

பாலம்மா பக்கத்துக் கட்டிலில் சுந்தரியின் கையைப் பிடித்தபடி இருந்தாள். ஊசிக்குள் ஏறிய இரத்தத்தை மட்டும் பார்த்தாள். அது எல்லார் இரத்தம் மாதிரியும் சிவப்பாகத்தான் இருந்தது.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. டொக்டரின் அறையில் ரத்தினம்மா, தனபாலன், பரிமளம், அழகமுத்து. பாலம்மா அலுமாரியின் ஓரமாக நின்றாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஒவ்வொருத்தரின்ரை சொந்த விசயம். தனித்தனியச் சொல்லட்டோ?"

"என்னத்துக்கு?" என்றார் அழகமுத்து. "எல்லாம் ஒரே ரத்தம். மூணு பேரும் வேணாம்னு சொல்லல. சொல்லுங்க."

டொக்டர் மூவரின் முகத்தையும் பார்த்தார். ரத்தினம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "சத்தமாவே சொல்லுங்க."

"ஓம், சரி. தனபாலன் காவிறார். அது பிள்ளையைப் பார்த்தவுடனேயே எங்களுக்குத் தெரியும். அம்மாவும் காவிறா. அம்மாவிட்டை இருந்துதான் மகனுக்கு வந்திருக்கு எண்டு நினைக்கிறன். பரிமளமும் காவிறா. இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை, இது ஆரின்ரையும் குற்றமில்லை. காவிறது நோயில்லை. ஆனா காவிற ரெண்டு பேர் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலிலை ஒரு பங்கு சுந்தரி மாதிரி வரும். அதைத் தெரிஞ்சுகொண்டு முடிவெடுங்கோ."

ரத்தினம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்கு ரத்தம் குறைவு மட்டுந்தான் டொக்டர். டொனிக் குடிக்கிறேன்."

"இனிக் குடிக்க வேண்டாம். சோதனையிலை இரும்பு குறைவில்லை. உங்களுக்கு இரத்தம் கொஞ்சம் குறைவாயிருக்கிறது இதாலைதான்."

அழகமுத்துவின் முகத்தில் இருந்த வெளுப்பும் போய்விட்டது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. மகளின் தோளைத் தட்டி எழுப்பினார்.

"வா போவம்."

"தம்பி, ஒக்காரு. பேசுவம்."

"என்னாத்த பேச? ஒரு புள்ளய நீ தெருவுல விட்டது போதும் அக்கா. என் மகளையும் ஒரு நாளைக்கு இப்புடித்தான் தாளக் காட்டி வெரட்டுவ. எங்க ரத்தம்னு நீ சொல்லிச் சொல்லித்தான் நானும் ஆடுனேன்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்த தாய்மாரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். றம்லத் ஹபீலுக்குத் தோடம்பழம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினாள். ரத்தினம்மா எழுந்தாள். கால் தடுமாறியது. பாலம்மா இரண்டடியில் போய் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நோயாளிக்குச் செய்கிற மாதிரியே, அளவான பிடி.

"ஒக்காருங்க மாமி. தலையக் கொஞ்சம் கீழ குனிங்க. இன்னுங் கொஞ்சம். அப்புடித்தான். கொஞ்ச நேரம் அப்புடியே இருங்க."

ரத்தினம்மா குனிந்தாள். நரைத்த உச்சி வகிடு பாலம்மாவின் இடுப்புயரத்தில் இருந்தது. பாலம்மா அதை ஆற அமரப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வார்த்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தனபாலனிடம் கையை நீட்டினாள்.

"தாளத் தாங்க."

"அது... இனி என்னத்துக்கு பாலம்மா?" அவன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். "நான் அன்னைக்கே ரத்தம் குடுத்திருக்கணும். நீ வீட்டுக்கு வா. புள்ளயையும் கூட்டிக்கிட்டு..."

"அன்னைக்குச் சேலை மடிச்சீங்க. நல்லாத்தான் மடிச்சீங்க. தாளத் தாங்க."

அவன் தரவில்லை. அவனுடைய சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். டொக்டரின் மேசையில் வைத்து, அவரிடமே பேனா வாங்கி, முழுப்பெயரையும் நிறுத்தி எழுதினாள். தேதி போட்டாள். மை காய ஊதினாள். தாளை அவன் கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.

"இனி நீங்க யாரையும் கட்டலாம். பொண்ணு குடுக்க யார் வாறாங்கன்னு பாருங்க."

தண்ணீர்க் குழாயடியில் பரிமளம் நின்றாள். இருபது வயது. அவளுடைய அப்பா ஓட்டோ பிடிக்கப் போயிருந்தார்.

"அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"ஒனக்காகச் செய்யல" என்றாள் பாலம்மா. "ஒன் அத்தைக்காகச் செஞ்சேன். நன்றி கின்றின்னு ஒன்னும் வேணாம்."

பரிமளம் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிறகு மெதுவாக, "இனி எனக்கும் இல்லையா கல்யாணம்?" என்று கேட்டாள்.

"ஏன் இல்ல? சாதகம் கேக்க முன்ன மாப்பிள்ளையோட ரத்தத்தக் கேளு. அவருகிட்ட இல்லன்னா ஒன் புள்ளைக்கு இந்த நோய் வராது. ஒன்ன மாதிரி காவலாம், அவ்வளவுதான். தட்டு மாத்துறதுக்கு முன்ன கேக்கணும், பொறகு இல்ல. சொந்தத்துல இருந்து வந்தா ரெண்டு தரம் கேளு."

"கேட்டா கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்களே."

"போகட்டும். ரத்தத்தக் கேட்டதுக்கே போறவன் நோய்ப்புள்ளய வச்சுக்கிட்டு இருப்பானா? ஒங்கப்பா வாறார், போ."

பாலம்மா வார்டுக்குத் திரும்பினாள். சுந்தரியின் பையில் இரத்தம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. றம்லத் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமியார் அழுதுக்கிட்டே போறா புள்ள. பாவமா ஈக்கிதா?"

பாலம்மா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இல்லை.

"இல்ல" என்றாள். "பசிக்குது."

சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். கிளினிக் நாளில் பாதியை எப்போதும் மிச்சம் வைப்பாள்; தொண்டையில் இறங்காது. அன்று பருப்பும் போஞ்சிக்கறியும் சேர்த்துப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்து, தாதியிடம் போய் அடுத்த கிளினிக் தேதியைக் கேட்டாள்.